ஜெயசித்ராவின் இடது கை

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாதுகாப்பு வகுப்பு வைத்தால் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள் இன்ஸ்பெக்டர் சார். அவர்களைக் குறை சொல்ல முடியாது. திருக்கனூரிலிருந்தும் பாகூரிலிருந்தும் விடியும் முன்னே பஸ் பிடித்துத் திருபுவனைக்கு வருகிறவர்கள். திரையில் படம் போட விளக்கை அணைப்பேன், கண்ணை மூடிவிடுவார்கள்.

நின்றுகொண்டே பேசுகிறேன். உட்கார்ந்தால் கால் ஆட ஆரம்பித்துவிடுகிறது. ஒரு மாதமாகவே அப்படித்தான், வீட்டிலும் சாப்பிட உட்கார முடிவதில்லை. குற்ற உணர்ச்சி என்று நினைக்க வேண்டாம், தூக்கம் போதவில்லை.

புதிதாகச் சேருகிறவர்களுக்கு வேலை கற்றுக்கொடுப்பது என் பொறுப்பு. மின்விசிறிக்கு வேண்டிய தகடுகளை அச்சில் வெட்டி எடுக்கும் கம்பெனி. பிரஸ் மெஷினில் பக்கத்துக்கு ஒரு பொத்தான் இருக்கும். இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் அச்சு இறங்கும். கை உள்ளே மாட்டக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. இதை எத்தனை முறை சொன்னாலும் ஒருவரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. எப்படியும் மெஷின் காப்பாற்றும் என்ற தைரியம். என்றைக்காவது ஒன்று நடந்தால் பழி பயிற்சி கொடுத்தவன் தலையில்தானே விழும்?

கண்ணால் பார்த்தால்தான் பயம் வரும் என்பது என் எண்ணம். இன்றைக்கும் அது தவறென்று படவில்லை.

இந்த முறை வந்தவர்களில் ஜெயசித்ராவுக்கு நாற்பது வயதுக்கு மேல். பண்டசோழநல்லூர்க்காரர். நடவுக்கும் கரும்பு வெட்டுக்கும் போய்க்கொண்டிருந்தவர். கை பரபரவென்று ஓடும். வலது கை பொத்தானுக்குப் போகும்போது இடது கை உள்ளே தகட்டை நேராக்கிக்கொண்டிருக்கும். அந்தப் பழக்கம் வேறு சிலருக்கும் இருந்தது, அவர்களைத் திட்டித் திருத்தினேன். இவரிடம் மட்டும், "வேகம் நல்லா இருக்கு, அப்படியே செய்யுங்க" என்றேன்.

ஒரு வியாழக்கிழமை டீ நேரத்தில் ஷெட்டில் யாரும் இல்லை. இடது பொத்தானுக்குப் பின்னால் ஒரு ஒயர் துண்டை வைத்து முடுக்கினேன். அதன்பிறகு வலது பொத்தானை மட்டும் அழுத்தினாலே அச்சு இறங்கிவிடும். டீ குடித்துவிட்டு வந்தவர்களை மெஷினைச் சுற்றி நிற்கவைத்து, ஜெயசித்ரா செய்வதைக் கவனிக்கச் சொன்னேன்.

நான்கு விரல்கள் போயின. கட்டைவிரல் தப்பியது.

துணி சுற்றியதும் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டதும் நான்தான். பிறகு ஒயரை எடுக்கும்போது எலக்ட்ரீஷியன் சேவியர் பார்த்துவிட்டார். அவர் ஒரு மாதம் வாயைத் திறக்கவில்லை. கவனக்குறைவு என்று சொல்லி ஜெயசித்ராவை வேலையிலிருந்து நிறுத்திய பிறகுதான் உங்களிடம் வந்திருக்கிறார்.

பலனையும் பாருங்கள் சார். அன்றிலிருந்து வகுப்பில் ஒருவருக்கும் கண் சொக்கவில்லை. தகடு கோணலாக இருந்தால் மெஷினை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிடுகிறார்கள். ஒரு கை போய் அத்தனை பேர் கையும் பிழைத்தது. பயிற்சி நன்றாக இருக்கிறது என்று முதலாளியே சொன்னார்.

ஏன் அவரைத் தேர்ந்தெடுத்தேன் என்று கேட்கிறீர்கள். அவர் வேகம்தான் காரணம். வகுப்பின் முதல் நாள் நடந்ததை யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள் போல. நான் உள்ளே நுழைந்ததும் எல்லோரும் எழுந்து வணக்கம் சொன்னார்கள். இவர் மட்டும் வாயெல்லாம் சிரிப்பாக, "நம்ம குழந்தைவேல் ஐயா வூட்டுத் தம்பியா. இன்னாபா இப்படி வளந்துட்ட. டவுசர் இல்லாம வரப்புல ஓடுவியே" என்றார். அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். எங்கள் நிலத்தில் வேலை செய்தவர், அன்பாகத்தான் சொன்னார். அதற்குப் பிறகும் எந்தச் சந்தேகம் வந்தாலும் தம்பி, தம்பி என்றுதான் கூப்பிட்டார். அதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்கிறவன் இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்திருந்தார். என்னைக் கண்டதும் அழுதுவிட்டார்.

"நீ ஒழுங்காதான் சொல்லிக் குடுத்த தம்பி. நான்தான் அவசரப்பட்டு உன் பேரக் கெடுத்துட்டேன்" என்றார்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அப்போதாவது ஒரு தடவை சார் என்று கூப்பிட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.