எவர்சில்வர் சீர்

எங்கள் வீட்டு ரசம் அவ்வளவு நன்றாக இருக்காது, ஐயா. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மனைவி ராஜமேரி நல்ல கைப்பக்குவக்காரிதான். மிளகிலும் சீரகத்திலும் கஞ்சத்தனம் பண்ண மாட்டாள். ஆனாலும் தெருவிலேயே கடைசி ரசம் எங்களுடையதுதான். அதற்குக் காரணம் நான். நீங்கள் கேட்கிற விஷயமும் அந்த ரசத்துக்குள்தான் கிடக்கிறது. அதனால் பதறாமல் சொல்கிறேன். ஏட்டையா நிதானமாக எழுதிக்கொள்ளட்டும்.

டீக்கு நன்றி. கண்ணாடி கிளாஸ்தானே? நல்லது.

பெயர் ஸ்தனிஸ்லாஸ். ஊரில் பேட்டரிக்காரர் என்றால்தான் தெரியும். எஸ்.எஸ்.எல்.சி.யை மூன்று முறை எழுதி, மூன்று முறையும் விஞ்ஞானத்தில் மட்டும் தேறியவன். அந்த விஞ்ஞானம் வீணாகக் கூடாதே என்று, சீனச் சண்டை முடிந்த சமயம் இந்தத் தொழிலுக்கு வந்தேன். பஸ்காரர்கள் கழித்துப்போட்ட பேட்டரியை உடைத்தால் காரீயம் கிடைக்கும். தீர்ந்துபோன டார்ச் கட்டையை உரித்தால் துத்தநாகம். கொல்லைப்புறத்தில் இரும்புச் சட்டியை வைத்துத் தனித்தனியாக உருக்குவேன். மேலே மிதக்கிற கசடை வழித்துப்போட்டு, மிச்சத்தை அச்சில் ஊற்றினால் பாளம். துத்தநாகம் ரொம்பக் காய்ந்துவிட்டால் வெள்ளைப் பஞ்சாகப் பறந்து என் தலையிலும் மீசையிலும் ஒட்டிக்கொள்ளும். "அப்பா கெழவனாயிட்டாரு" என்று என் மகள் லூர்துமேரி கைகொட்டிச் சிரிப்பாள். எங்களுக்கு ஒரே பெண். அவள் பெயரில்தான் கம்பெனி. லூர்து மெட்டல் ஒர்க்ஸ் என்று முருங்கை மரத்தில் ஒரு போர்டு. ஒவ்வொரு பாளத்திலும் 'லூ' என்ற எழுத்து பதியும்படி அச்சு வெட்டி வைத்திருந்தேன்.

பாளங்களைக் கடத்தூரில் பஸ் ஏற்றி, பொம்மிடியில் ரயிலேற்றி, சேலத்தில் போடுவேன். அதில் ஒரு குண்டுமணி கலப்படம் கிடையாது. சேலத்து வியாபாரி வெட்டிப் பார்த்துத்தான் வாங்குவார். அதனால் நான் யோக்கியனாக இருந்தேன்.

மாதுவுக்கு அப்படி வெட்டிப் பார்க்கத் தெரியாது.

மாது யார் என்று உங்களுக்குத் தெரியும். பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவன். துருத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போவான். எங்கள் ஊருக்கு வந்தால் கோயில் மதில் ஓரத்துப் புங்கமரத்தடியில் குழி தோண்டி உட்கார்ந்துவிடுவான். பித்தளைப் பாத்திரத்தில் புளி வைத்தால் களிம்பு ஏறும். அதற்காகத்தான் உள்ளே வெள்ளீயம் பூசுவது. வெள்ளீயம் வெளிநாட்டுச் சரக்கு. தருமபுரி தனி ஜில்லா ஆன வருஷம், அது யானை விலைக்குப் போய்விட்டது. மாது என் வீட்டு வாசலில் வந்து நின்றான். பழைய வெள்ளீயச் சாமான் கிடைத்தால் உருக்கிக் குச்சியாக ஊற்றித் தர முடியுமா என்று கேட்டான். முடியும் என்றேன். காரீயம் என்னிடம் மலையாகக் கிடந்தது. அதில் பளபளப்புக்காகக் கொஞ்சம் வெள்ளீயத்தைக் கலந்து, வெள்ளீயக் குச்சி என்றே கொடுத்தேன். விஞ்ஞானத்தில் மூன்று முறை தேறியவனுக்கு இது கூடத் தெரியாதா.

வெள்ளீயக் குச்சியைக் காதருகில் வைத்து வளைத்தால், உள்ளே கிறீச்சென்று ஒரு சத்தம் வரும். ஈயம் அழுகிறது என்பார்கள். காரீயம் அழாது. மாதுவும் வளைத்துப் பார்த்தான். ஆனால் அவனுக்குக் காது மந்தம்.

"பேட்டரிக்காரரே, நம்ம காது ரெண்டும் துருத்திகிட்டயே போயிருச்சுங்க. நீங்களே கேட்டுச் சொல்லுங்க. அழுவுதுங்களா?"

குச்சியை என் காதருகில் வைத்து வளைத்தான். சத்தமே இல்லை.

"அழுவுது மாது. உன் மாமியாகாரி மாதிரி அழுவுது" என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு கையில் தூக்கிப் பார்த்து, "கனமா இருக்குதுங்களே" என்று இழுத்தான். "நல்ல சரக்குன்னா கனமாத்தான் இருக்கும்" என்றேன். அவ்வளவுதான், ஐயா. என் குற்றத்தில் நான் வாய் திறந்து பேசிய பகுதி இந்த இரண்டு வாக்கியம்தான். மீதியெல்லாம் பேசாமல் இருந்தே செய்தது.

மாதுவுக்குக் கொடுத்த குச்சிகளில் மட்டும் 'லூ' எழுத்து இருக்காது. குச்சி ஒல்லி, எழுத்துக்கு இடம் போதாது. அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம் அது.

மாது பூசியதும் எங்கள் தெரு ரசத்துக்கு ஒரு தனி ருசி வந்தது. எதிர் வீட்டு ஆரோக்கியம்மாள், விதவை, வாயாடி, நல்ல மனசு. எங்கள் வாசலில் நின்று ராஜமேரியிடம் சொன்னாள். "மாது பூசின சொம்புல வெச்சுப் பாரு மேரி. புளிப்பே தெரியாம நாக்குல தித்திப்பா நிக்குதுன்னு எம் பையன் ரெண்டு தரம் வாங்கிக் குடிக்கறான்." எனக்குப் புரிந்துவிட்டது. காரீயமும் புளியும் சேர்ந்தால் ஒரு தித்திப்பு வரும், அது விஷம். மூன்றாவது தடவை பரீட்சைக்குப் படித்தபோது மனசில் நின்ற பாடம் அது. அன்றே எங்கள் வீட்டுப் பித்தளையை எல்லாம் பரணில் ஏற்றினேன். மண்சட்டி உடம்புக்குக் குளிர்ச்சி என்று ராஜமேரியிடம் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மண்சட்டிக்கு மாறினாள். எங்கள் ரசம் கடைசி ரசம் ஆனது அப்படித்தான்.

வெறும் சந்தேகம்தானே என்பீர்கள். சந்தேகம் இல்லை, ஐயா, நிச்சயம். கொல்லையில் நான் வழித்துப்போட்ட கசடைக் கொத்திய கோழிகள் கழுத்துத் தொங்கிச் செத்தன. நானே குழி வெட்டிப் புதைத்தேன். வெள்ளைக் கழிச்சல் என்று வீட்டில் சொன்னேன். அதற்கப்புறம் உருக்கும் நாட்களில் லூர்துவைக் கொல்லைப் பக்கமே விட மாட்டேன். கையைக் கழுவாமல் அவளைத் தொடவும் மாட்டேன். என்னைப் போல ஜாக்கிரதையான தகப்பன் அந்தப் பக்கத்தில் யாரும் இல்லை.

வருஷங்கள் போயின. தெருவில் வயிற்றுவலி ஜாஸ்தியானது. குடலைப் பிடித்து முறுக்குகிற வலி. பிள்ளைகள் சோகை பிடித்து வெளிறிப்போய்த் திரிந்தார்கள். தொட்டில் கட்டுகிற வீடுகள் குறைந்தன. மாதா கோயில் உபதேசியார், ஊர் தவக்காலத்தை ஒழுங்காக அனுசரிக்காததால் வந்த வினை என்றார். நான் சும்மா இருக்கவில்லை. ஊர்க் கிணற்றுக்கு மருந்து போட வேண்டும் என்று ஆட்களைத் திரட்டிக்கொண்டு பஞ்சாயத்துக்குப் போனேன். பிளீச்சிங் பவுடர் வந்தது. அந்த வருஷத் திருவிழாவில் எனக்கு மாலை போட்டார்கள். கழுத்தை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

எழுபத்தொன்றில் ஆரோக்கியம்மாள் தன் மகன் ஞானராஜுக்கு லூர்துவைக் கேட்டாள். பையன் கடத்தூரில் தையல் கடை வைத்திருந்தான். தங்கமான பிள்ளை. லூர்துவுக்கும் அவன் மேல் பிரியம். வேண்டாம் என்று சொல்ல என்னிடம் ஒரு காரணம் இருந்தது, ஆனால் வெளியே சொல்கிற மாதிரி இல்லை. அந்த வீட்டில் ரசம் ரொம்ப ருசி, அதனால் பெண் தர மாட்டேன் என்று எந்தத் தகப்பன் சொல்லியிருக்கிறான்?

ராஜமேரி கேட்டாள். "எதிர் வூடு. கூப்பிட்டா கேக்கற தூரம். இதுக்கு மேல என்னங்க வேணும்?"

என் மூளை வேலை செய்தது. ஊரே வாய் பிளக்கும்படி எவர்சில்வர் சீர் வைத்தேன். அண்டா, குடம், சட்டி, தவலை, ரசத்துக்கென்றே தனிப் பாத்திரம். எல்லாவற்றிலும் லூர்துமேரி என்று பேர் வெட்டினேன். இனி அந்த வீட்டில் பித்தளைக்கு என்ன வேலை? என் பெண் பிழைத்தாள் என்று நிம்மதியாக ஒரு வாரம் தூங்கினேன். பிறகு விருந்துக்குப் போனேன். கூடத்தில் கண்ணாடி அலமாரி. அதற்குள் என் எவர்சில்வர் அத்தனையும் அடுக்கி, ஓரத்தில் ஜரிகைத் தாள் ஒட்டி, மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் மின்னிக்கொண்டிருந்தது. அடுப்பில் பழைய பித்தளை கொதித்தது.

"ஏனுங்க சம்பந்தி, இதையெல்லாம் பொழங்கறதில்லீங்களா?" என்றேன்.

"நல்லா கேட்டீங்க போங்க. இதைப் போயி அடுப்புல வெப்பாங்களா? கறுத்துப்போயிராது? பேரு வேற வெட்டிக் குடுத்திருக்கீங்க. வர்றவங்க போறவங்க பாக்கோணுமில்ல" என்றாள் ஆரோக்கியம்மாள்.

அன்று நான் ரசம் வாங்கிக்கொள்ளவில்லை. மோர் போதும் என்றேன்.

அடுத்த வாரம் இரண்டு மண்சட்டி வாங்கிப் போனேன். "எங்க வூட்ல சட்டிக்கு வக்கில்லைன்னு ஊருக்குச் சொல்லப் போறீங்களா சம்பந்தி? களி கிண்டற சட்டி எனக்கு இருக்குதுங்க" என்று வாசலோடு திருப்பிக் கொடுத்தாள். அவள் பழைய ஆள். கேழ்வரகுக் களியும் கீரையும் தவிர வேறு எதையும் தொட மாட்டாள். அரிசிச் சோறும் ரசமும் பிள்ளைகளுக்கு.

லூர்துவைத் தனியாகக் கூப்பிட்டேன். "கண்ணு, அந்தப் பித்தளைச் சொம்புல ரசம் வைக்காத."

"ஏம்ப்பா?"

அந்த "ஏம்ப்பா"வுக்குப் பதில் என் நாக்கு நுனியில்தான் இருந்தது. "இப்பெல்லாம் எவர்சில்வர்தான் ஃபேஷன்" என்றேன். "அப்பாவுக்கு வயசான காலத்துல ஃபேஷனப் பாரு" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

முதல் குழந்தை தங்கவில்லை. இரண்டாவதும் தங்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னாலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரிந்த ஞானராஜின் வலது கை மணிக்கட்டோடு தொங்கிப்போனது. கத்தரிக்கோல் பிடிக்க முடியாமல் கடையை மூடினான். அத்தோடு மாதுவுக்குச் சரக்குக் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். நிறுத்தினேன் என்றால், குறைத்தேன். ஏட்டையா, குறைத்தேன் என்றே எழுதுங்கள்.

கடைசியில் ஒரு நல்ல காரியம் செய்தேன். சேலத்தில் அசல் வெள்ளீயம் வாங்கி வந்து, "சம்பந்தி வூட்டுப் பாத்திரத்துல பழைய பூச்சைச் சுத்தமா சுரண்டிட்டு இதைப் பூசு" என்று மாதுவிடம் கொடுத்தேன். மறுநாள் குச்சியைத் திருப்பிக் கொண்டுவந்தான். முகமெல்லாம் வருத்தம்.

"உங்கள நல்லா ஏமாத்திப்புட்டாங்க பேட்டரிக்காரரே. கனமே இல்லீங்க, சுத்தக் கலப்படம். நம்ம பாப்பா பொழங்கற பாத்திரத்துல இதைப் போய்ப் பூசுவனுங்களா? கைவசம் இருந்த நம்ம சரக்கையே அழுத்தமா பூசிட்டனுங்க. காசு கூட வேணாமுங்க."

நான் சொல்லிக்கொடுத்த பாடம், ஐயா. என்னிடம் படித்த ஒரே மாணவன், முதல் வகுப்பில் தேறிவிட்டான். அப்போதாவது நான் வாய் திறந்திருக்கலாம். அவன் முகத்தைப் பார்த்தேன். நன்றி மாது என்றேன்.

ஐப்பசி மழையில் லூர்துவுக்கு வலிப்பு வந்தது. அப்போது அவள் மூன்றாவது முறையாகத் தரித்திருந்தாள். தருமபுரி ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் என் மடியில் கிடத்திக்கொண்டு போனோம். வழியில் கண் திறந்து என்னைப் பார்த்தாள். யார் என்று அவளுக்குத் தெரியவில்லை. டாக்டர் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். நீலமாக ஒரு கோடு. என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார். எனக்கென்ன தெரியும் என்றேன். விடிவதற்குள் முடிந்துவிட்டது.

விஷம் என்று டாக்டர் எழுதியதும், யாராவது கொடுத்திருக்க வேண்டும் அல்லவா? நான்தான் இதே மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து புகார் எழுதிக் கொடுத்தேன். வீட்டில் எல்லாருக்கும் உடம்பு கெட்டிருக்கிறது, மாமியாருக்கு மட்டும் ஒன்றுமில்லை, அது எப்படி என்று கேட்டேன். நல்ல கேள்வி என்று நீங்களே பாராட்டினீர்கள். அவளை ஜீப்பில் ஏற்றியபோது, "சம்பந்தி, நீங்களாவது சொல்லுங்க, நானா பண்ணுவேன்" என்று என் காலைப் பிடித்தாள். நான் காலை இழுத்துக்கொண்டேன்.

பிறகு மெட்ராஸிலிருந்து காரீயம் என்று ரிப்போர்ட் வந்தது. நீங்கள் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு போனீர்கள். அன்று சாயங்காலம் ராஜமேரி மண்சட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். அவளுக்கு அழத் தெம்பில்லை.

"நம்ம வூட்ல மட்டும் ஏனுங்க பித்தளை வேண்டாம்னீங்க?"

குளிர்ச்சி என்றேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவள் என் சோற்றை எடுத்து வைக்காமல் எழுந்து போனாள். போனவள் நேரே இங்கேதான் வந்தாள் என்று, காலையில் உங்கள் ஜீப் வந்தபோது தெரிந்தது. நானே வருவதாகத்தான் இருந்தேன். நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

ஆகவே, லூர்துமேரியைக் கொன்றது அவள் தகப்பனாகிய நான். தெருவில் தங்காமல் போன குழந்தைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எத்தனை என்று, அடக்கம் பண்ணிய உபதேசியாருக்குத் தெரியும். மாதுவுக்கு ஒன்றும் தெரியாது, அவன் காது அப்படி. ஆரோக்கியம்மாளை இன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். பாவம், வயசானவள். எல்லாம் நான் ஒப்புக்கொண்டது. வாசித்துக் காட்ட வேண்டாம், பேனாவைக் கொடுங்கள்.

ஒன்றே ஒன்று மட்டும் கடைசியில் சேர்க்கச் சொல்லுங்கள், ஐயா. அந்த எவர்சில்வரை அலமாரியில் பூட்டி வைத்தது ஆரோக்கியம்மாள். ஆசையாசையாகப் பேர் வெட்டிக் கொடுத்ததை எடுத்துப் புழங்கியிருந்தால் என் பெண் இன்றைக்கு உயிரோடு இருப்பாள். தகப்பனாக நான் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தேன்.