ஓடுபடியடிச் செருப்புக்கடை

இல்லைப் பிள்ளை, பேனையை மூடி வையுங்கோ. மூண்டாம் மாடி எனக்கு வேண்டாம். ஓம், கண்ணாடிக் கதவு வரும், ஏசி வரும், எல்லாம் விளங்குது. எனக்கு வேண்டியது இந்த இடம். இந்த ஓடுபடி, அதுதான் எஸ்கலேற்றர், அதின்ரை அடி. இதை இடிச்சுப் போட்டுக் கட்டப்போற புதுக் கட்டிடத்திலையும் ஓடுபடிக்குக் கீழை எனக்கொரு கடை கீறித் தாங்கோ, இப்பவே கையெழுத்துப் போடுறன். பொறுங்கோ, படத்தைப் பிறகு விரிக்கலாம்.

கந்தோரிலை என்ன சொல்லி அனுப்பினவை? அடைக்கலநாதன் எண்டொரு விசரன் இருக்கிறான், கையெழுத்துப் போடாத ஒரே ஆள், பாத்துக் கதை எண்டே? சிரிக்கிறியள். அப்ப சரியாத்தான் சொல்லியிருக்கினம்.

உதிலை நிக்காதேங்கோ, ஏசி ஒழுகும். நிப்பாட்டி நாலு வருசம், இன்னும் ஒழுகுது. எங்கையிருந்து தண்ணி வருதெண்டு அந்தோனியாருக்குத்தான் வெளிச்சம். இந்தக் கதிரையிலை இருங்கோ. ஆக்கள் சப்பாத்துப் போட்டுப் பாக்கிற கதிரை. தேத்தண்ணி ஊத்துறன்.

இப்ப இஞ்சை ஆர் இருக்கினம்? மேலை புறா, கீழை நான். சாப்பாட்டுக் கடையள் மூடினாங்கள், பிறகு ரியூசன் வந்துது, அதுவும் ஓடிப் போச்சு. ரவுணிலை புதுசு புதுசாத் திறக்கிறாங்கள், ஆர் இந்தக் குகைக்குள்ளை வாறது?

திறந்த புதுசிலை நீங்கள் பாத்திருக்கோணும். கோப்பாய் எண்டனியள் என்ன, உங்கடை வீட்டாக்களைக் கேட்டுப் பாருங்கோ. சண்டை முடிஞ்ச கையோடை திறந்தது. புத்தூரிலை இருந்தெல்லாம் வான் பிடிச்சு வந்தது சனம். சாமான் வாங்க இல்லை, இந்தப் படியிலை ஏற. எங்கடை கோயில் பங்கிலை கமலாவதி எண்டொரு மனிசி, பயத்திலை செபமாலையைப் பிடிச்சுக்கொண்டு ஏறினது. மூண்டு அருள்நிறை மந்திரம் சொல்ல முதல் மேலை போய்ச் சேர்ந்திட்டுது. சீ, இவ்வளவுதானோ எண்டு சுத்தி வந்து திரும்பவும் ஏறினது.

பிழை எங்கை நடந்ததெண்டால், திறப்பு விழாவிலை. முதலாளி படியடியிலை நிறைகுடம் வைச்சு, ஐயரைக் கூப்பிட்டுப் பூசை செய்விச்சார். எங்கடை பங்குச் சுவாமியும் வந்து தீர்த்தம் தெளிச்சவர். பெரிய ஆக்கள் எல்லாரும் செருப்பைக் கழட்டிப் போட்டுத்தான் ஏறினவை. சனம் பாத்துக்கொண்டு நிண்டது. அடுத்த நாள் தொடக்கம் ஒருத்தரும் செருப்போடை ஏறேல்லை! கோயில் வாசல் மாதிரி இந்த இடம் முழுக்கச் செருப்பு. கழட்டாதேங்கோ எண்டு பலகை எழுதி வைச்சாங்கள். பலகைக்குக் கீழை கழட்டி வைச்சுதுகள்.

இறங்கிற படி எங்கை? கட்டிடத்தின்ரை மற்றப் பக்கம். சுத்தி வர நேரமாகும். இஞ்சை என்ன கடை? செருப்புக்கடை. பிள்ளை, நீங்கள் எஞ்சினியர், மிச்சத்தை நீங்களே விளங்கிக்கொள்ளுங்கோ.

ஓம், எடுத்தனான். ஏன் முழிக்கிறியள்? நாளொண்டுக்கு ரெண்டு மூண்டு சோடி. கையாலை தொடமாட்டன், காலாலை மெல்லமாத் தள்ளி மேசைக்குக் கீழை விட்டிடுவன். வந்து தேடுவினம், ஏசுவினம். நானும் சேர்ந்து ஏசுவன். எந்த அறுவான் எடுத்தானோ, கட்டையிலை போவான் எண்டு எத்தினை தரம் என்னை நானே திட்டியிருக்கிறன்! பங்குனி வெய்யிலிலை தார் றோட்டிலை வெறுங்காலோடை போகேலுமே? ஒரு சோடி வாங்கித்தானே ஆகோணும்.

எடுத்ததை வீட்டை கொண்டுபோகேல்லை. கிழமைக்கொருக்கா சாக்கிலை கட்டி, ஏழையளுக்கெண்டு கோயிலிலை குடுத்தன். சுவாமி ஞாயிறு பூசையிலை என்ரை பேரைச் சொல்லி நன்றி சொன்னவர். மனிசி யசிந்தா பெருமையிலை அழுதே போட்டாள். நான் தலையைக் குனிஞ்சன். என்ன தாழ்மை எண்டு சனம் கதைச்சுது.

இல்லையில்லை, படி பழுதானபடியால் நிப்பாட்டேல்லை. நான் அதுக்கு முதலே விட்டிட்டன். ஏனெண்டால்... சீனி காணுமே?

கந்தப்பு எண்டொருத்தர். மயிலிட்டி ஆள், ஊரை ஆமி பிடிச்சிருந்தபடியால் அப்ப முகாமிலை இருந்தவர். ஒருநாள் ஏறி இறங்கி வந்து செருப்பைத் தேடினார். நான் வழக்கம்போலை கள்ளனை ஏசத் தொடங்கினன். அவர் ஏசேல்லை. புதுசு பாருங்கோ அண்ணை எண்டன். வேண்டாம் தம்பி, அதிலை இடது வார் அறுந்து என்ரை மனிசி மீனாம்பிகை வலை நூலாலை தைச்சுத் தந்தவள், தைச்சு ஒரு கிழமையிலை செத்துப் போனாள் எண்டார். சொல்லிப் போட்டு வெறுங்காலோடை பஸ்ஸுக்கு நடந்தார்.

அது அப்ப என்ரை காலுக்குக் கீழைதான் கிடந்தது. குனிஞ்சு எடுத்துக் குடுத்திருக்கலாம். கடை நிறைஞ்ச சனம் பிள்ளை. எப்பிடிக் குனியிறது?

நல்லூர்த் திருவிழாவுக்கு வாற நேரமெல்லாம் இஞ்சை வந்து படியடியை ஒருக்காப் பாத்திட்டுப் போவார். அந்தச் சோடியை மட்டும் நான் கோயிலிலை குடுக்கேல்லை, பெட்டியிலை போட்டு மேசை லாச்சியிலை வைச்சிருக்கிறன்; அவரைக் கண்டால் லாச்சியிலை கையை வைப்பன். பிறகு சோடா ஒண்டைக் குடுத்து அனுப்பிப் போடுவன். போன வருசம் பொல்லூண்டி வந்தார். மூண்டாம் மாடிக்கு அந்த மனிசன் என்னைத் தேடி ஏறுமே?

கொண்டுபோய்க் குடுக்கலாமே எண்டு கேக்கிறியள். போனனான், ரெண்டு தரம். இப்ப ஊர் திரும்பக் கிடைச்சு, துறைமுகத்துக்குப் பக்கத்திலைதான் வீடு. வீட்டு ஒழுங்கை வரைக்கும் போனன். பயமாப் போச்சுது பிள்ளை, வெக்கமாவும் போச்சுது. மீன் வாங்கிக்கொண்டு திரும்பி வந்திட்டன். மீன் குவியிற குருநகரிலை இருக்கிறவன் மயிலிட்டிக்குப் போய் மீன் வாங்கிக்கொண்டு வந்தால் மனிசி என்ன நினைப்பாள்? உனக்கு அங்கை ஆரடா இருக்கினம் எண்டு ரெண்டு நாள் சோறு போடேல்லை.

இந்தாங்கோ, இதுதான். தொடுங்கோ, பரவாயில்லை. தையலைப் பாத்தியளே, எவ்வளவு நெருக்கம்.

சரி, இப்ப உந்தப் படத்தை விரியுங்கோ. ஓடுபடி எந்தப் பக்கம்?

இல்லையோ? எட்டு மாடிக்கும் ஒண்டுமில்லையோ? லிஃப்ட் மட்டுமோ?

அப்ப வாற வருசம் அவர் வந்து எதின்ரை அடியைப் பாப்பார்?

தாங்கோ பேனையை. எங்கை போடுறது, இதிலையே? ம். மூண்டாம் மாடியோ முப்பதாம் மாடியோ, போட்டிட்டன். நீங்கள் ஸ்கூட்டியிலைதானே வந்தனீங்கள்? என்னைப் பஸ் நிலையத்திலை இறக்கி விடுங்கோ, மயிலிட்டிக்கு இப்ப ஒரு பஸ் இருக்கு. அந்தச் செருப்புப் பெட்டியையும் எடுங்கோ. இந்த முறை மீன் வாங்கமாட்டன்.