பெரிய எழுத்துக் குட்டை

நெல்: உங்க தக்காளிச் செடி சாண் உசரம்கூட இல்லைங்க! நான் ட்ரெய்னிங் போயிருந்த ரெண்டு மாசமும் போன்ல "நல்லா வருது, நல்லா வருது"ன்னீங்களே?

தக்காளி: நல்லாத்தான் வந்துது... குட்டையா.

நெல்: நெல்லோட ஜீனைப் போட்டா தக்காளி நெட்டையா வளரும்னு நெல்லு ஆராய்ச்சிக்காரி நானும் தக்காளி ஆராய்ச்சிக்காரர் நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கோம். பத்து மணிக்கு டைரக்டர் வந்து எதைப் பார்ப்பாரு?

தக்காளி: ஜீனுக்குக் "குட்டை"ன்னு பேர் வெச்சது யாரு? வாய் முகூர்த்தம் பலிச்சிடுச்சு.

நெல்: அது கெட்டுப்போனா செடி குட்டையாகும், அதான் அந்தப் பேரு. நம்ம தொழில்ல அதானே வழக்கம்?

தக்காளி: பேரை விடு. எழுத்துலதான் வினை. உங்க நெல்லுக்காரங்களுக்குப் பெரிய எழுத்துன்னா நல்ல ஜீன், சின்ன எழுத்துன்னா கெட்டது. எங்களுக்கு, நல்ல ஜீனையே அமுக்கிட்டு ஓங்கி நிக்கிற கோளாறுக்குத்தான் பெரிய எழுத்து; இந்தக் குட்டைக் கோளாறு அந்த ரகம்.

நெல்: கோளாறுக்கு மரியாதை! இங்கிலீஷை விட்டுட்டுத் தமிழ்ல எழுதியிருந்தா இந்த வம்பே இல்ல. நமக்கு ஏது பெருசு, சிறுசு?

தக்காளி: நல்ல ஜீனுக்கு ஒண்ணு, கெட்டதுக்கு ஒண்ணுன்னு விதைப் பாக்கெட் ரெண்டுலயும் பேர் எழுதிட்டுப் போனது நீ.

நெல்: எங்க முறைப்படிதான் எழுதினேன். விதைச்சது நீங்க.

தக்காளி: எங்க முறைப்படிதான் படிச்சேன்.

நெல்: அப்ப சரியாப் போச்சு! ஆளுக்கொரு பக்கம் இழுத்துக் குட்டிச்சுவராக்கிட்டோம்.

தக்காளி: டைரக்டர் இதைப் பார்த்தா திட்டத்தையே மூடிடுவாரு.

நெல்: திட்டத்தை மூடிட்டா உங்களைப் பழைய பண்ணைக்கே அனுப்பிடுவாங்க. மறுபடியும் எனக்கு ஞாயித்துக்கிழமை புருஷன். பயமா இருக்குங்க.

தக்காளி: எனக்கு மட்டும் இல்லியா...

நெல்: இருங்க... விதைச்ச பாக்கெட் இதானே? காலியா கிடக்கு.

தக்காளி: குப்பையை ஏன் கிளறுற? கீழ போடு.

நெல்: பெரிய எழுத்து போட்டிருக்கு. உங்க முறைப்படி இது குட்டை விதை. தெரிஞ்சேவா விதைச்சீங்க?

தக்காளி: அது... வந்து...

நெல்: வந்து?

தக்காளி: உன் முறைப்படி படிச்சேன். போதுமா? ஆறு வருஷமா இதே சண்டை... ஒரு தடவையாவது விட்டுக்கொடுப்போம்னு. எங்க ஆளுங்ககிட்ட சொல்லிடாத, மானம் போயிடும்.

நெல்: அய்யோ...

தக்காளி: ஆமா, உன் முறைப்படி பெரிய எழுத்துன்னா நெட்டைதானே? அப்புறம் எப்படிக் குட்டை முளைச்சுது?

நெல்: இந்தப் பாக்கெட்டைக் குப்பையிலயே போட்டுடறேங்க.

தக்காளி: இப்ப நீ எதை மறைக்கிற?

நெல்: நானும்... ஒரு தடவை விட்டுக்கொடுப்போம்னு... உங்க முறைப்படி எழுதிட்டேங்க.