கடலுக்குப் பட்டம் கேட்ட கலாநிதி கனிசியஸ்

இந்த அஞ்சலிக் கூட்டத்துக்குத் தலைமை வகிக்கும் வடகரைப் பல்கலைக்கழகக் கல்லூரிப் பணிப்பாளர் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, குருநகரிலிருந்து நடந்தே வந்திருக்கும் உறவுகளே, மாணவச் செல்வங்களே! மறைந்தவரோடு ஒரே துறையில் பாடம் நடத்திய அருந்ததி பேசுகிறேன். அழத்தான் வந்தேன். ஆத்திரந்தான் வருகிறது.

கலாநிதி கனிசியஸ்! குருநகர்க் கடற்றொழிலாளியின் மகன். நோர்வேயில் கடலியல் படித்தவர். எண்பத்து மூன்று இனக்கலவரத்துக்குப் பின் படித்தவர்களெல்லாம் விமானம் ஏறிக்கொண்டிருந்தபோது, மனைவி மக்டலீனோடு திரும்பி வந்தார். எதற்கு? கடலையும் கரையையும் காப்பதையே தொழிலாகக் கொள்ளும் பட்டதாரிகளை இந்த மண்ணில் உருவாக்க!

நாம் கொடுத்த வரவேற்பு என்ன? கல்விச்சபையில் ஒரு பெரியவர் கேட்டார்: "தம்பி, உங்கடை ஆக்களுக்குக் கடல் தெரியுந்தானே. உதுக்கேன் பட்டம்?"

கனிசியஸ் குரலை உயர்த்தவில்லை. "ஓம் ஐயா, மீன் பிடிக்கத் தெரியும். கடலுக்குச் சட்டம் எழுதுற மேசையிலை எங்கடை ஆக்கள் ஒருத்தரும் இல்லை. அங்கை போய் இருக்கத்தான் பட்டம்."

வருடக்கணக்கில் இழுத்தடித்தோம். அனுமதி கிடைத்தபோது, போரைச் சொல்லிக் கடலில் இறங்கவே அரசு தடை போட்டுவிட்டது! கடலியல் மாணவருக்குக் கடல் இல்லை. அவர் சோர்ந்தாரா? கடல்நீரேரிக்குக் கூட்டிப் போனார். பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் இல்லாத சனம் விறகுக்குக் கரைச் சேற்றில் வளரும் கண்டல் மரங்களை வெட்டியது. கண்டல் அழிந்தால் இறால் குஞ்சும் அழியும் என்று வீடு வீடாகப் போய் விளக்கினார். வெட்டிய இடமெல்லாம் மாணவர்களோடு கன்று நாட்டினார்.

சென்ற மாதம் அந்தக் கன்றுகளை அளந்துகொண்டிருந்த வகுப்பின் மேல் இராணுவ ஹெலிகொப்டர் தாழப் பறந்தது. "மரங்களுக்கை ஓடுங்கோ, பிள்ளையள்!" என்று கத்தினார். தான் ஓடவில்லை. வெள்ளைச் சேட்டைக் கழற்றி ஆட்டிக்கொண்டு வெளியில் நின்றார். சுட்டார்கள். பிள்ளைகள் அத்தனை பேரும் உயிரோடு இங்கே இருக்கிறார்கள். வானொலி சொன்னது, சந்தேக நபர் ஒருவர் பலியாம்!

சுட்டவனிடம் நான் நியாயம் கேட்கவில்லை. இந்த மேடையிடம் கேட்கிறேன். அடக்கம் முடிந்த கையோடு நிர்வாகம் என்ன செய்தது? ஆய்வுகூடத்தைப் பூட்டியது. கற்கைநெறியை நிறுத்தியது. பாதுகாப்பாம்! மாணவர்களை வேறு பாடத்துக்கு மாறச் சொல்கிறது. நேற்று மாணவி மரியநாயகி என்னிடம் கேட்டாள்: "மிஸ், இதுக்கோ சேர் எங்களைக் காப்பாத்தினவர்?" யாராவது பதில் சொல்லுங்கள்!

கனிசியஸ் அவர்களே, உங்கள் மீதிப் பாடங்களை நான் நடத்துவேன். இந்தப் பிள்ளைகள் கடலியல் பட்டத்தோடுதான் வெளியேறுவார்கள். திங்கட்கிழமை காலை வகுப்புத் தொடங்கும்.

பணிப்பாளர் அவர்களே, படத்துக்கு மாலை போட்டீர்கள், நன்றி. ஆய்வுகூடப் பூட்டின் திறப்பு உங்களிடந்தான் இருக்கிறது. தாருங்கள். அதை வாங்காமல் நான் இந்த மேடையை விட்டு இறங்கப் போவதில்லை.