புகைக்கு அந்தப் பக்கம் சூரியன்

மாசி மாதம் பனமலை ஏரிக்கரையில் நின்றால் சாயங்கால வெளிச்சம் நன்றாக இருக்கும். நடுவில் புகை வந்தால் இன்னும் நல்லது. சூரியனை வெறுங்கண்ணால் பார்க்கலாம். செங்கல் நிறத்தில், ஓரம் வெட்டினாற்போல வட்டமாக நிற்கும். நான் பி.எஸ்சி. இயற்பியல், மேடம். காரணமும் சொல்வேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்.

அந்தப் படிப்புக்குத் திண்டிவனத்தில் ஒரு ஸ்டூடியோவில் விளக்குப் பிடிக்கும் வேலைதான் கிடைத்தது. ஒரு கல்யாண மண்டபத்தில் முதலாளி சேரன் அண்ணனிடம் என் படங்களைக் காட்டினேன்.

"இன்னா மெர்லின், தீஞ்சிபோன தோசை மாதிரி கீது? பட்டம் வாங்கினா கேமரா கேக்குதா? ஜல்தியா லைட்ட புடி, பொண்ணு மேடைக்கு வருது."

மண்டபமே சிரித்தது. அன்றே சென்னையில் நடக்கும் ஒரு போட்டிக்குப் பெயர் கொடுத்தேன். படம் அனுப்பச் செவ்வாய்க்கிழமை கடைசி நாள்.

ஏரிக்கரைக்கு மேற்கே கழனி வைத்திருக்கும் நடராசன் மாமா கரும்பு வெட்டி, காய்ந்த கரும்பிலைச் சோகையைக் கழனியிலேயே போட்டிருந்தார். எப்போது கொளுத்துவீர்கள் என்று கேட்டேன்.

"வியாழக்கெழமம்மா. உங்கப்பா வெளியூர்ல கரும்பு வெட்டிக்கினு இருக்காரு. அவரு வந்து தகரம் தட்டாம நான் தீக்குச்சி கிழிக்க மாட்டேன்."

சோகை கொளுத்தும் முன் ஒருவர் கழனியைச் சுற்றித் தகரம் தட்டி மூன்று முறை குரல் கொடுப்பார். உள்ளே இருப்பவர்கள் வெளியே வந்துவிடுவார்கள். இருபது வருடமாக அது என் அப்பாவின் வேலை. செவ்வாய் மாலை நான் தகரத்தைத் தொடவில்லை. சத்தம் கேட்டால் மாமா ஓடிவந்து நிறுத்தியிருப்பார். கிழக்கு ஓரம் முழுக்க நெருப்பு வைத்துவிட்டுக் கரை ஏறினேன். மாமா கொளுத்தவில்லை. அவரை விட்டுவிடுங்கள்.

உள்ளே பாஞ்சாலி அக்கா ஆட்டுக்குக் கரும்பு நுனிக் கொழுந்தாடை பொறுக்கிக்கொண்டிருந்தார். குனிந்திருந்ததால் நெருப்பு வைக்கும்போது எனக்குத் தெரியவில்லை. அது சத்தியம்.

நேற்று அவர் மகள் கவிதா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாலை போட எங்கம்மா படம் ஒண்ணுகூட இல்லக்கா. உங்கிட்ட ஏதாச்சும் கீதா?" இல்லை என்று சொன்னேன். அதிலிருந்து சோறு இறங்கவில்லை. அதனால்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

இருக்கிறது. பதினொரு படம்.

பாஞ்சாலி அக்கா சோகைக்குள்ளிருந்து எழுந்து சூரியனுக்கு நேராக நின்றார். தெற்குப் பக்கம் வழி இருந்தது. புகையில் அவருக்குத் தெரியவில்லை. கரைமேல் இருந்த எனக்குத் தெரிந்தது. தெக்கால ஓடு அக்கா என்று ஒரு வார்த்தை போதும். ஓடினால் சூரியனைவிட்டு விலகிவிடுவார்.

நான் கூப்பிடவில்லை.

அவர் நிற்கிற படத்தைத்தான் போட்டிக்கு அனுப்பினேன், மேடம். விழுந்த படங்களை அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.