மூன்று ஆம்பியர்

வெள்ளவத்தையில் மட்டக்குளி பஸ்ஸில் ஏறி நான் உட்கார்ந்ததுமே, முன் இருக்கையில் இருந்த இளம்பெண்ணின் குரல் உயர்ந்தது.

“மூணு ஆம்பியருக்காகவா என்னைய வெளிய போகச் சொல்றீங்க, ஆன்ட்டி?”

பக்கத்தில் இருந்தவர் அவள் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்காரி.

“நீ ரைஸ் குக்கர் கொண்டுவந்தாப்பிறகுதான் ஒவ்வொரு நாள் காலமையும் ட்ரிப் சுவிட்ச் விழுந்து கரண்ட் போகுது. மாசக்கடைசியில அறையை விடு, பிள்ளை.”

“குக்கர் எழுநூறு வாட். இருநூத்தி முப்பது வோல்ட்டால வகுத்தா மூணு ஆம்பியர்தான். ஒங்க பாத்ரூம் ஹீட்டர் மூவாயிரத்தி ஐந்நூறு வாட். அது மட்டும் பதினஞ்சு ஆம்பியர். ஒங்க மகனோட ஏசி ஏழு. சுவிட்ச் தாங்குறதே இருவது. என் குக்கர் இல்லாமலே விழும்!”

பின்னால் இருந்த நானும் மனதுக்குள் வகுத்துப் பார்த்தேன். கணக்கு சரி.

“தேயிலைத் தோட்டத்தில இருந்து வந்து எனக்குக் கணக்குப் படிப்பிக்கிறியோ?”

“ஆமா, படிச்சுட்டுத்தான் வந்தேன். நேத்து நான் சமைக்கவே இல்ல, கடையில பாண் வாங்கித்தான் தின்னேன். நேத்தும் விழுந்துச்சா இல்லியா?”

வீட்டுக்காரி சீறினார்.

“அப்ப என்ர மகன் விடியக் காலமை பச்சைத்தண்ணியில குளிக்கிறதோ?”

“ரெண்டு வருசமா நான் அதுலதான் குளிக்கிறேன், ஆன்ட்டி.”