யார் சுமந்த தண்ணீர்

"இதைக் குழம்புல போட்டுடாதீங்க, நனாய்."

"ஏன்? புளிக்காதா?"

"நல்லாவே புளிக்கும். ஆனா இதுவரைக்கும் நாங்க பார்த்தது மொத்தமே பதினேழு செடிதான். நீங்க கையில வச்சிருக்கறது ரெண்டு."

"அப்போ என் மீனுக்கு?"

"மீனுக்கு நான் எலுமிச்சை பறிச்சுட்டு வரேன்."

அரியேலும் நானும் முதன்முதலில் பேசியது இப்படித்தான், சார். மீன் குழம்புக்குப் புளிப்பு இல்லையே என்பதுதான் அன்று என் கவலை. எங்கள் ஹினாபுவான் மலையில் பிகோனியாத் தண்டைக் கிள்ளித்தான் ஆற்று மீனைச் சமைப்போம். கிள்ளும்போது எந்தச் செடி, என்ன பெயர் என்று யாரும் பார்ப்பதில்லை. அவன் பார்த்தான். அதற்காகவே இலோய்லோ பட்டணத்தில் ஒரு கல்லூரியிலிருந்து வந்திருந்தான்.

என் மகள் லுஸ்விதான் அவனுக்கு வழிகாட்டி. அந்தச் செடியை முதலில் கண்டதும் அவள்தான். ஆற்றோரம் ஒரு பிகோனியா உண்டு, அகல இலை, எண்ணெய் தடவியதுபோல் மினுமினுக்கும். உச்சிப் பாறையில் இன்னொன்று, சின்ன இலை, உடம்பெல்லாம் ரோமம். இரண்டும் சந்திக்க வழியே இல்லை. ஒரு வருடம் மழையில் மலை சரிந்து நடுவே ஒரு திட்டு உண்டானது. மேலே இருந்தது கீழே வந்தது, கீழே இருந்தது மேலே ஏறியது. அந்தத் திட்டில் மூன்றாவதாக ஒன்று முளைத்தது. அகல இலை, அதன்மேல் ரோமம். யாரும் கைவைக்காமல் தானாகவே உண்டான கலப்பு என்று அரியேல் சொன்னான். அதன் காயைப் பிளந்து என் உள்ளங்கையில் கொட்டினான். ஊதினேன், உமியாகப் பறந்தது. ஒரு விதைகூட இல்லை.

"இந்த மலையில இதை வேற எங்க வச்சாலும் தங்காது, நனாய். பெத்தவங்க ரெண்டு பேரு இடத்துலயும் பொழைக்காது. அந்தத் திட்டு மட்டும்தான் அதுக்கு வீடு."

எங்கள் பக்கம் தாயை நனாய் என்போம். பட்டணத்துப் பிள்ளைகள் வயதான எந்தப் பெண்ணையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அதனால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

என் குடும்பத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். என் கணவர் நெக்ரோஸ் தீவுக்குக் கரும்பு வெட்டப் போனார், அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டார். மகன் கப்பலுக்குப் போனான், கிறிஸ்துமஸுக்கு ஒரு பெட்டி அனுப்புகிறான், அவன் வருவதில்லை. இரண்டு பேரையும் நான் போகாதே என்று சொன்னதில்லை. இருவருக்கும் வழிக்குச் சோறு கட்டிக் கொடுத்தேன். கேட்டுப் பெறுகிற பழக்கம் எனக்கு இல்லை. லுஸ்வி மட்டும் மிச்சம்.

அரியேல் எங்கள் வீட்டில் பன்னிரண்டு நாள் தங்கினான். தினமும் விடியும் முன்பே ஊற்றுக்குப் போய் இரண்டு டின் தண்ணீர் கொண்டுவந்து அடுப்படியில் வைப்பான். விறகும் பிளப்பான், கோணல்மாணலாக. லுஸ்வி கேலி செய்வாள். "விறகா இது? பல்லு குத்தற குச்சியா?" அவன் சிரிப்பானே தவிர நிறுத்த மாட்டான். சாப்பாடு போடுகிறவளுக்கு மரியாதை செய்கிறான் என்று நினைத்தேன்.

பத்தாம் நாள் சாயங்காலம் கோழிக்கூண்டைச் சாத்தப் போனவள், அவர்கள் பேசுவதைக் கேட்டேன்.

"நனாய்க்கு எப்போதான் சொல்றது?" என்றாள் லுஸ்வி.

"அவங்க இன்னும் கேக்கலையே."

"அவங்க கேக்கவே மாட்டாங்க. அப்படி ஒரு பிறவி."

"வெள்ளிக்கிழமை சாமானெல்லாம் கட்டி ஒரே தடவையா ஏத்திடலாம். அப்புறம் தானா தெரிஞ்சிடும்."

கூண்டைச் சாத்தினேன். அன்றும் மீன்தான். இரண்டு பேருக்கும் நானே பரிமாறினேன்.

திட்டுக்குப் போகும் பாதையில் லுஸ்வி மரங்களில் ஆரஞ்சு ரிப்பன் கட்டியிருந்தாள். காட்டில் வேலை செய்கிறவர்களுக்கு அது ஒரு பாஷை. ஒரு ரிப்பன் என்றால் இப்படி வா. இரண்டு ரிப்பன் என்றால் நில், இதற்கு மேல் தரை இல்லை. திட்டுக்குச் சற்று முன்னால் ஒரு மரத்தில் இரண்டு கட்டியிருக்கும். அங்கே நின்று இடப்பக்கம் திரும்பி இறங்க வேண்டும். நேரே பார்த்தால் பெரணிச் செடிகள் அடர்ந்து தரைபோலத்தான் தெரியும்.

புதன்கிழமை மதியம் புளிப்புத் தண்டு கிள்ளப் போனேன். அப்படியே அந்த மரத்தடிக்கும் போனேன். முடிச்சு ஈரத்தில் இறுகிப்போயிருந்தது. பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க முடிந்தது. நான் யாரையும் தள்ளவில்லை. இரண்டாக இருந்ததை ஒன்றாக்கினேன், அவ்வளவுதான்.

வியாழக்கிழமை லுஸ்வி சந்தைக்குப் போகிற நாள். அரியேல் அதுவரை அவளுக்குப் பின்னால் நடந்தே பழகியவன், அன்றுதான் தனியாகப் போகிறான். ரிப்பன் இருக்கிறதே என்றான். தூறலும் மூட்டமுமாக இருந்தது. வழக்கம்போல் முதலில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். சோறும் கருவாடும் கொடுத்தேன், ஒரு முட்டையும் பொரித்தேன். வெறும் வயிற்றோடு யாரையும் நான் அனுப்பியதில்லை.

பத்து மணிக்குப் போய்ப் பார்த்தேன். பெரணிகள் பிளந்து கிடந்தன. கீழேயிருந்து சத்தம் வந்தது. நனாய், நனாய் என்று. என்னைக் கூப்பிட்டானா, தன்னைப் பெற்றவளையா, அது இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. கீழே இறங்குவது வழுக்கல், எனக்கு முழங்கால் வலி. ஊருக்கு ஓடியிருந்தால் ஆள் வந்திருப்பார்கள், அதை மறுக்கவில்லை. ஒரு வேரின்மேல் உட்கார்ந்திருந்தேன். மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் சத்தம் நின்றது. பிறகு வீட்டுக்கு வந்து உலை வைத்தேன்.

அவனை மேலே தூக்கி வந்த அன்று லுஸ்வி அந்த மரத்தடியில் நெடுநேரம் நின்றாள். வீட்டுக்கு வந்து என்னைக் கேட்டாள்.

"நான் அதுல ரெண்டு கட்டினேன்தானே, நனாய்? நீ பார்த்திருக்கியே."

"ஞாபகம் இல்லையே, இண்டாய்," என்றேன். மகளைக் கொஞ்சிக் கூப்பிடும்போது இண்டாய் என்போம்.

அதற்குப் பிறகு அவள் எங்கேயும் போகவில்லை. தான் ஒன்று கட்டியதால்தான் அவன் போனான் என்று அவளே முடிவு செய்துகொண்டாள். கூட்டம் சேர்ந்தால் உள்ளே போய்விடுவாள். சொன்ன வேலையைச் செய்வாள், போட்டதைச் சாப்பிடுவாள். மூன்று வருடம் நாங்கள் நன்றாகத்தான் இருந்தோம்.

போன மாதம் கல்லூரியிலிருந்து ஒரு உறை வந்தது. அவன் விட்ட வேலையை அவனுடைய ஆசிரியை முடித்து அச்சில் போட்டிருந்தார். செடியின் பெயருக்கு நடுவே ஒரு பெருக்கல் குறி. கலப்புச் செடி என்பதற்கு அடையாளமாம். அதற்குப் பிறகு என் மகளின் பெயர். அவன்தான் முதலிலேயே எழுதி வைத்திருந்தானாம். கூடவே அவனுடைய குறிப்பேடும் இருந்தது. லுஸ்வி அடுப்படியில் உட்கார்ந்து அதைக் கடைசிவரை படித்தாள். பிறகு தலை நிமிராமலே பேசினாள்.

"பன்னெண்டு நாள் தண்ணி தூக்கினானே. ஒரு நாளாவது யாரு தண்ணின்னு கேட்டியா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஊரில் பெண் கேட்பவன் வாய் திறக்கக் கூடாது. பெண் வீட்டுக்குத் தண்ணீர் சுமக்க வேண்டும், விறகு பிளக்க வேண்டும். ஒரு நாள் பெண்ணின் தாய், இது யார் சுமந்த தண்ணீர் என்று கேட்பாள். அதற்குப் பிறகுதான் அவன் பேசலாம். என் கணவர்கூட என் அம்மாவுக்கு நாற்பது நாள் சுமந்தார். பட்டணத்துப் பையன் இதையெல்லாம் விசாரித்துச் செய்வான் என்று நான் எப்படி நினைப்பேன்?

"உன்னைக் கூட்டிட்டுப் போகத்தான சாமான் கட்டறதா இருந்தீங்க?" என்று கேட்டேன்.

"அவன் சாமானை, நனாய். பட்டணத்துல இருந்து இங்க, மலைக்கு மேல ஏத்தறதா இருந்தான். நம்ம வீட்டுலயே இருக்கறேன்னான்."

தெரிந்திருந்தால் நான் சம்மதித்திருப்பேன், சார். நல்ல பையன். அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அவளும் சொல்லியிருக்கலாம். மூன்று பேரும் வாய் திறக்கவில்லை. பழி முழுக்க என்மேல் என்று எழுதினால் அது சரியாக இருக்காது.

திட்டு இப்போது இல்லை. போன புயலில் மறுபடி சரிந்துவிட்டது. அவன் ஒடித்து அனுப்பிய கிளையிலிருந்து வேர்விட்ட நாலு தொட்டிகள்தான் கல்லூரிக் கண்ணாடிக் கொட்டகையில் மிச்சம். அவற்றைப் பார்த்துக்கொள்ள ஆசிரியை லுஸ்வியைக் கூப்பிட்டிருக்கிறார். இரண்டு மணிக்கு பஸ். எனக்கு இந்த போலீஸ் ஸ்டேஷனில் ஏதோ சான்றிதழ் வாங்க வேண்டும் என்று சொல்லித்தான் அவளையும் கூட்டி வந்தேன். வெளியே பெஞ்சில் பையோடு உட்கார்ந்திருக்கிறாள்.

இங்கே அடைத்து வைத்திருப்பவர்களுக்கு வீட்டிலிருந்து சோறு கொண்டுவரலாம் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். காலையிலும் வரலாமாம், சாயங்காலமும் வரலாமாம். எனக்கு வேறு யாரும் இல்லை, அவள்தான் கொண்டுவர வேண்டும். நான் சொன்னதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். எதற்காகப் பிடித்து வைத்திருக்கிறீர்கள் என்பதை மட்டும் அவளிடம் சொல்ல வேண்டியதில்லை, மனசு கஷ்டப்படும். நான் இதுவரை அவளிடம் எதையும் கேட்டதில்லை. இப்போதும் நேரில் கேட்க வாய் வராது. மணி ஒன்றரை ஆகிறது. நீங்களே வெளியே போய், நான் சொன்னதாக அவளிடம் கேளுங்கள், சார்.

"போகாத, இண்டாய். நனாய்கூடவே இரு."